இடது மூலையில் ஓவியர், வலது மூலையில் செதுக்கியவர்: ரெனால்ட்ஸ் அச்சுப்படங்களைப் பார்க்கப் பழகுவது எப்படி

கறுப்பு வெள்ளையில் ஒரு சீமாட்டியோ படைத்தளபதியோ நிற்கும் பழைய ஆங்கிலேய அச்சுப்படத்தை எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். அருங்காட்சியகத்தில், பழைய பங்களாவின் வரவேற்பறையில், இல்லையென்றால் இணையத்தில். படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் இரண்டு பெயர்கள் இருக்கும். இடது மூலையில் இருப்பவர் ஓவியத்தை வரைந்தவர். வலது மூலையில் இருப்பவர் அதைப் பார்த்துத் தாமிரத் தகட்டில் செதுக்கியவர். முதல் பெயரைப் படித்ததும் "ஓ, ரெனால்ட்ஸா!" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். இரண்டாவது பெயரையும் படிக்கப் பழகிவிட்டால் அதே தாளில் தெரிவது பல மடங்கு கூடும். இந்த அச்சுகளைப் பல வருடங்களாகத் தேடித் தேடிப் பார்த்துவருகிறேன். எதை முதலில் பார்ப்பது, எதை அப்புறம் பார்ப்பது என்று ஆரம்பத்தில் யாராவது வரிசையாகச் சொல்லித் தந்திருந்தால் எவ்வளவோ நேரம் மிச்சமாகியிருக்கும். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பழகுவதற்கு நான் எடுத்துக்கொள்வது சர் ஜோஷுவா ரெனால்ட்ஸை. 1723 இல் டெவன் பகுதியில் பிளிம்ப்டன் என்ற சிற்றூரில் பிறந்தவர். 1740 இல் லண்டனுக்குப் போய் தாமஸ் ஹட்சன் என்ற உருவப்பட ஓவியரிடம் தொழில் பழகினார். பிறகு இத்தாலியில் சில வருடங்கள். 1768 இல் ராயல் அகாடமி தொடங்கியபோது அதன் முதல் தலைவர். அடுத்த வருடம் சர் பட்டம். 1792 இல் இறந்தார். அவரைக் கொண்டு தொடங்குவதற்கு எனக்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, அவர் ஓவியங்களைப் பார்த்துச் செதுக்கப்பட்ட தகடுகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அந்தக் காலத்தின் மிகச் சிறந்த கைகள் அவருக்காக வேலை செய்தன.

இரண்டாவது காரணம்தான் எனக்கு முக்கியம். ரெனால்ட்ஸின் வண்ணங்கள் நிலைக்கவில்லை. முகத்தின் செம்மைக்கு அவர் விரும்பிப் பயன்படுத்திய கார்மைன் போன்ற சாயங்கள் வெளிச்சம் பட்டால் வெளுத்துவிடும். எண்ணெயோடு மெழுகையும் பிசினையும் கலந்து ஓயாமல் சோதனை செய்ததால் பல படங்கள் வெடித்தும் போயின. அவர் உயிரோடு இருக்கும்போதே சில முகங்கள் வெளிறிவிட்டன. அச்சுகள் பெரும்பாலும் ஓவியம் முடிந்த ஓரிரு வருடங்களுக்குள், முகங்கள் புதுசாக இருந்தபோதே செதுக்கப்பட்டவை. கரியில் செய்த மசி வெளுக்காது. வண்ணம் அதில் இல்லைதான். ஆனால் எந்த இடத்தில் வெளிச்சம், எந்த இடத்தில் நிழல் என்று ரெனால்ட்ஸ் முடிவு செய்ததை, இன்று சுவரில் தொங்கும் சில ஓவியங்களைவிட அச்சு நமக்கு நன்றாகக் காட்டுகிறது. அதை வெறும் நகல் என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடிவதில்லை.

முதல் வேலை: தகடு எப்படித் தயாராகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ரெனால்ட்ஸ் காலத்து உருவப்பட அச்சுகளில் பெரும்பாலானவை மெஸோடின்ட் முறையில் செய்தவை. லுட்விக் ஃபான் ஸீகன் என்ற ஜெர்மானியர் 1642 இல் இந்த முறையில் முதல் உருவப்படத்தைச் செய்தார். இளவரசர் ரூபர்ட் வழியாக அந்த வித்தை இங்கிலாந்துக்கு வந்தது. வந்த இடத்தில் அது வேரூன்றிய அளவு வேறெங்கும் ஊன்றவில்லை. பிரெஞ்சுக்காரர்களே இதை 'ஆங்கில முறை' என்றுதான் அழைத்தார்கள்.

அம்மி கொத்துவதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். வழவழப்பான தாமிரத் தகடு ஒன்று. ராக்கர் என்று ஒரு உளி. அதன் வாய் பிறை போல வளைந்திருக்கும், வாய் முழுக்கப் பொடிப்பொடியாகப் பற்கள். அதைத் தகட்டின் மேல் வைத்துத் தொட்டில் ஆட்டுவது போல ஆட்டி ஆட்டி நகர்த்துவார்கள். நீளவாட்டில் ஒரு முறை, குறுக்குவாட்டில் ஒரு முறை, மூலைவாட்டில் ஒரு முறை, மறுபடி முதலிலிருந்து. பெரிய தகடென்றால் இதற்கே பல நாட்கள் ஆகும். முடிக்கும்போது தகடு முழுக்கப் பொளிந்துபோய், ஒவ்வொரு பொட்டுக் குழியின் ஓரத்திலும் தாமிரப் பிசிறு எழும்பி நிற்கும். இந்த நிலையில் மசி பூசி அச்செடுத்தால் தாள் முழுக்க வெல்வெட் போலக் கன்னங்கரேல் என்று விழும்.

அந்தக் கறுப்பிலிருந்துதான் முகம் வரவேண்டும். செதுக்குபவர் சுரண்டியால் பிசிறைச் சீவுகிறார். கொஞ்சம் சீவினால் அடர் சாம்பல், இன்னும் சீவினால் வெளிர் சாம்பல். முழுக்கச் சீவி, மெருகுக் கோலால் தேய்த்துவிட்டால் அந்த இடம் மசியைப் பிடிக்காது, தாளின் வெள்ளை அப்படியே நிற்கும். நாம் வெள்ளைத் தாளில் கறுப்பைச் சேர்த்துக்கொண்டே போவோம். இவர்கள் கறுப்பைச் சீவிச் சீவி வெளிச்சத்தை எடுக்கிறார்கள். கோடு என்பதே இல்லாமல் நிழல் கரைந்து ஒளியாக மாறும் மென்மை இதனால்தான் வருகிறது. ரெனால்ட்ஸின் அகலமான நிழல்களுக்கும், இருட்டிலிருந்து மேலெழும் முகங்களுக்கும் இதைவிடப் பொருத்தமான முறை கிடையாது.

ஒன்றை மட்டும் நன்றாக மனதில் வையுங்கள்: அந்தப் பிசிறு மிக மென்மையானது. ஒவ்வொரு முறை மசியைத் துடைத்து அச்சு எந்திரத்தில் அழுத்தும்போதும் அது கொஞ்சம் நசுங்கும். நூறு சொச்சம் பிரதி எடுப்பதற்குள்ளேயே தேய்மானம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிடும். அதனால் ஒரே தகட்டில் எடுத்த இரண்டு தாள்கள் முற்றிலும் வேறு வேறு தரத்தில் இருக்கலாம். இதற்குப் பிறகு சொல்லப்போகும் பெரும்பாலான விஷயங்கள் இந்த ஒரு உண்மையிலிருந்து வருபவைதான்.

கையில் என்ன வேண்டும்

பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன பூதக்கண்ணாடி, ஒரு டார்ச், ஒரு அளவுகோல், நோட்டு, பென்சில். பேனா வேண்டாம், பழைய தாளுக்குப் பக்கத்தில் பேனா வரவே கூடாது. கையைக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொண்டு, தாளை எதிரெதிர் மூலைகளில் இரண்டு கையாலும் தூக்குங்கள்.

அடியில் இருக்கும் எழுத்தைப் படியுங்கள்

புதிதாக வருகிறவர்கள் முகத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். நான் சொல்வது, கண்ணை வலுக்கட்டாயமாகக் கீழே இறக்குங்கள். படத்துக்கும் தாளின் விளிம்புக்கும் நடுவே இருக்கும் அந்த ஒரு விரற்கடை இடத்தில் பாதிக் கதை இருக்கிறது.

எழுத்து ஆங்கிலமும் லத்தீனும் கலந்திருக்கும். ஐந்து சொற்கள் தெரிந்தால் போதும். 'பின்க்ஸிட்' என்றால் வரைந்தார். ஓவியர் பெயருக்குப் பின்னால் வரும். 'ஸ்கல்ப்ஸிட்' என்றால் செதுக்கினார். 'ஃபெஸிட்' என்றால் செய்தார். மெஸோடின்ட் கலைஞர்கள் பலர் தங்கள் பெயருக்குப் பின்னால் இதைப் போட்டுக்கொண்டார்கள். 'டெலினியாவிட்' என்றால் அச்சுக்காக இடையில் ஒருவர் கோட்டோவியம் எழுதித் தந்திருக்கிறார். 'எக்ஸ்குடிட்' என்றால் வெளியிட்டார், அதாவது முதலாளி. எல்லாவற்றையும் சுருக்கித்தான் எழுதுவார்கள், கடைசி எழுத்து மட்டும் சின்னதாக மேலே ஏறியிருக்கும். பத்து தாள் பார்த்தால் பழகிவிடும்.

ஓவியர் பெயரில் ஒரு துப்பு உண்டு. ரெனால்ட்ஸுக்கு சர் பட்டம் கிடைத்தது 1769 ஏப்ரலில். 'சர் ஜோஷுவா' என்று பொறித்திருந்தால் அந்த எழுத்து அதற்குப் பிறகு வெட்டியது. வெறும் 'ஜே. ரெனால்ட்ஸ்' என்று இருந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தியது.

அதற்கும் கீழே, இன்னும் பொடியாக, ஒரு வரி ஓடும்: நாடாளுமன்றச் சட்டத்தின்படி இன்ன தேதியில் இன்னாரால் வெளியிடப்பட்டது. இதற்கு நாம் ஓவியர் வில்லியம் ஹோகார்த்துக்கு நன்றி சொல்லவேண்டும். தன் அச்சுகளைக் கண்டவர்களும் திருட்டுத்தனமாக நகலெடுத்து விற்றதைப் பொறுக்க முடியாமல் அவரும் மற்ற கலைஞர்களும் போராடிப் பெற்ற சட்டம் 1735 இல் வந்தது. பதினான்கு வருடப் பாதுகாப்பு வேண்டுமென்றால் தேதியும் உரிமையாளர் பெயரும் தகட்டிலேயே இருக்கவேண்டும். 1767 இல் அதை விரிவாக்கிப் பாதுகாப்பை இருபத்தெட்டு வருடமாக்கினார்கள். அந்தச் சட்டத்துக்காக அன்று பொறித்த தேதி இன்று நமக்கு வரமாகிவிட்டது.

ஆனால் கவனம்: அது அச்சு வெளியான தேதி, ஓவியம் வரைந்த தேதி கிடையாது. வாரன் ஹேஸ்டிங்ஸ் ரெனால்ட்ஸுக்கு முன்னால் உட்கார்ந்தது 1766-68 இல். அப்போது அவர் வங்காளத்திலிருந்து ஊர் திரும்பி, அடுத்த வேலைக்காகக் காத்துக்கொண்டிருந்தவர். 1769 இல் சென்னைக்கு, ஆட்சிக் குழுவின் இரண்டாவது உறுப்பினராக வந்து சேர்ந்தார். தாமஸ் வாட்சன் அந்த ஓவியத்தை மெஸோடின்டாகச் செதுக்கியது 1777 இல். ஓவியத்துக்கும் அச்சுக்கும் நடுவே பத்து வருடம். ஏன் அப்போது? அதற்குள் அவர் கவர்னர் ஜெனரலாகிவிட்டார். அவர் முகம் எப்படி இருக்கும் என்று லண்டனில் பலருக்குத் தெரிந்துகொள்ள ஆசை வந்திருக்கும். அச்சு ஒரு வியாபாரம். பேச்சில் அடிபடுகிறவரின் முகம்தான் விற்கும். தேதியைப் பார்க்கும்போதெல்லாம் "அந்த வருடம் இவருக்கு என்ன நடந்தது?" என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் பதில் கிடைக்கும்.

இதற்கு நேர்மாறான உதாரணமும் உண்டு. அமெரிக்கப் போரிலிருந்து பெயரோடும் காயத்தோடும் திரும்பிய பனாஸ்டர் டார்ல்டனை ரெனால்ட்ஸ் வரைந்தது 1782 இல். ஜான் ரஃபேல் ஸ்மித் அதைச் செதுக்கி வெளியிட்டதும் அதே 1782 இல். சூடு ஆறுவதற்குள் கடைக்கு வந்துவிட்டது.

வெளியிட்டவரின் முகவரியையும் குறித்துக்கொள்ளுங்கள். ஃப்ளீட் தெருவில் ராபர்ட் சேயர், செயின்ட் பால்ஸ் வளாகத்தில் காரிங்டன் போல்ஸ், சீப்சைடில் ஜான் பாய்டெல் என்று பெரிய கடைக்காரர்கள் இருந்தார்கள். செதுக்கியவர் தானே வெளியிட்ட தகடு பிற்பாடு இப்படிப்பட்ட கடைக்குக் கைமாறுவது வழக்கம். கைமாறினால் பழைய முகவரியைச் சுரண்டிவிட்டுப் புதியதை வெட்டுவார்கள். ஆகவே ஒரே படம் இரண்டு வேறு முகவரிகளோடு உலவுவதைக் கண்டால் குழம்பவேண்டாம். செதுக்கியவரின் சொந்த முகவரி உள்ள தாள் முந்தியது, அநேகமாக நன்றாகவும் இருக்கும்.

வலது மூலைப் பெயர்கள்

அத்தனை பேரையும் மனப்பாடம் செய்யவேண்டாம். நாலைந்து பேரோடு தொடங்குங்கள்.

ஜேம்ஸ் மெக்கார்டெல், டப்ளினில் பிறந்து லண்டனில் கடை வைத்தவர். 1765 இல், நாற்பது வயதுகூட ஆகாமல் இறந்தார். "இந்த மனிதரால் நான் சாகாவரம் பெறுவேன்" என்று ரெனால்ட்ஸ் இவரைப் பற்றிச் சொன்னதாகச் சொல்வார்கள். மெக்கார்டெலின் துணிகளைப் பாருங்கள். பட்டின் மடிப்பில் வெளிச்சம் வழுக்கிக்கொண்டு போகும்.

எட்வர்ட் ஃபிஷரும் அயர்லாந்துக்காரர். சின்னச் சின்ன இடத்தையும் விடாமல் முடிப்பவர். அவசியமில்லாத இடத்திலும் அளவுக்கு மீறித் துல்லியம் பார்க்கிறார் என்று ரெனால்ட்ஸே குறைப்பட்டுக்கொண்டதாகச் சொல்வார்கள். எனக்கு ஃபிஷரைப் பிடிக்கும், ஆனால் மரத்தின் இலைகளைப் பார்க்கும்போது ரெனால்ட்ஸ் சொன்னது புரிகிறது.

வேலன்டைன் கிரீன் நெடிய முழு உருவப் படங்களில் வல்லவர். 1779 முதல் அந்தக் காலத்து அழகிகள் என்று ஒரு வரிசையையே ரெனால்ட்ஸ் ஓவியங்களிலிருந்து செதுக்கினார். நடிகை சாரா சிடன்ஸை ரெனால்ட்ஸ் சோக நாடகத்தின் தேவதையாக வரைந்தபோது, அதைச் செதுக்கும் வேலை தனக்கு வரும் என்று கிரீன் நம்பியிருந்தார். வேலை ஃபிரான்சிஸ் ஹாவர்டுக்குப் போனது. கிரீனுக்கும் ரெனால்ட்ஸுக்கும் கடிதத்திலேயே சண்டை. ஒரு படத்தைச் செதுக்கும் உரிமை எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்தச் சண்டையிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

நான்காவது, மேலே சொன்ன ஜான் ரஃபேல் ஸ்மித். இவரே நல்ல ஓவியர். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் தளபதியாக இருந்த ஜான் கார்னக்கின் மனைவியை ரெனால்ட்ஸ் வரைந்த படத்திலிருந்து இவர் 1778 இல் செய்த மெஸோடின்டைக் கண்டிப்பாகத் தேடிப் பாருங்கள். இருண்ட மரங்களுக்கு முன்னால் உயரமான கொண்டையோடும் இறகுகளோடும் ஒரு பெண். உடையின் வெளிச்சம் அந்த இருட்டிலிருந்து எப்படி வந்தது என்று, தகடு தயாரான விதத்தை நினைத்துக்கொண்டே பாருங்கள். ஓவியம் லண்டனில் வாலஸ் தொகுப்பில் இருக்கிறது.

இப்போது பூதக்கண்ணாடியை எடுங்கள்

முகத்தின் கன்னத்தில், நடுத்தரச் சாம்பல் நிறம் உள்ள இடத்தில் வைத்துப் பாருங்கள். அடர் கறுப்பில் ஒன்றும் தெரியாது, வெள்ளையிலும் தெரியாது. இடைநிறத்தில்தான் கருவியின் தடம் பிடிபடும். குறுக்கும் நெடுக்குமாக, புள்ளி புள்ளியான மெல்லிய தடங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போனால் அது ராக்கர் ஆடிய தடம்; மெஸோடின்ட்.

கூர்மையான, தொடக்கத்தில் மெலிந்து நடுவில் தடித்து மறுபடி மெலியும் கோடுகள் முகத்தின் வளைவோடு ஓடினால் அது கோட்டுச் செதுக்கு. கோடே இல்லாமல், தனித்தனிப் புள்ளிகள் நெருங்கியும் விலகியும் நிழலை உண்டாக்கினால் அது ஸ்டிப்பிள் என்ற புள்ளிச் செதுக்கு. கிரீனோடு பிரச்சினையான அந்த சிடன்ஸ் படத்தை ஹாவர்ட் 1787 இல் செய்தது இந்தப் புள்ளி முறையை முக்கியமாக வைத்துத்தான். மெஸோடின்டாகச் செய்திருந்தால் அந்த நாற்காலிக்குப் பின்னால் இருக்கும் இருட்டு இன்னும் ஆழமாக வந்திருக்கும் என்று எனக்கு ஒரு ஏக்கம் உண்டு.

நாலாவது ஒரு வகை இருக்கிறது, அதுதான் ஆளை ஏமாற்றும். முதன்முதலில் நான் காசு கொடுத்து வாங்கிய ரெனால்ட்ஸ் 'மெஸோடின்ட்' தாளின் ஓரத்தில் தகடு அழுத்திய பள்ளம் தெளிவாக இருந்தது. விற்றவர் அதைத்தான் சாட்சியாகக் காட்டினார். வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது எங்கும் ஒரே சீரான மணல்பொடி போன்ற துகள், ராக்கர் தடம் ஒன்றுகூட இல்லை. அது ஃபோட்டோகிராவூர்: பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் அதற்குப் பிறகும் புகைப்படத்தின் வழியாகத் தகட்டில் ஏற்றி அச்சடித்தது. அதற்கும் தாமிரத் தகடு உண்டு, அதனால் பள்ளமும் உண்டு. விளிம்புப் பள்ளம் மட்டும் இருந்தால் அது பழையது என்று ஆகாது என்பதை அன்று கற்றுக்கொண்டேன். இதைவிட எளிதில் பிடிபடுவது புத்தகத்திலிருந்து வெட்டிய படம். செய்தித்தாள் புகைப்படம் போல வரிசை பிசகாத புள்ளிகள் தெரியும்.

தாளைத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள்

சட்டம் போட்டு மூடியிருந்தால் இதைச் செய்ய முடியாது; நீங்களாகச் சட்டத்தைப் பிரிக்கவும் முயலாதீர்கள். தாள் தனியாகக் கிடைத்தால் டார்ச்சைப் பின்னால் வைத்துப் பாருங்கள். பழைய தாளில் இணையான கோடுகள் தெரியும்: நெருக்கமாக மெல்லிய கோடுகள், அவற்றைக் குறுக்கே வெட்டி ஒரு அங்குல அளவு இடைவெளியில் சில கோடுகள். தாள் செய்யும் சல்லடையின் கம்பித் தடம் அது. 1750களில் ஜேம்ஸ் வாட்மன் நெய்த சல்லடையைப் பயன்படுத்தி, கம்பித் தடம் இல்லாத தாளைச் செய்தார். அச்சுப்படங்களுக்கு அந்த வகைத் தாள் பரவலானது அதற்கு வெகுகாலம் கழித்து.

நீரெழுத்தும் தெரியலாம், அதாவது தாள் செய்யும்போதே அதற்குள் பதியும் எழுத்தோ குறியோ. 1794 க்குப் பிறகு ஆங்கிலத் தாள்களின் நீரெழுத்தில் வருடத்தையும் போட ஆரம்பித்தார்கள். வரிச் சட்டம் அதற்குக் காரணம். ஆகவே படத்தின் அடியில் 1778 என்று வெட்டியிருந்து, தாளுக்குள் 1810 என்று தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்: பழைய தகடு, ஆனால் முப்பது வருடம் கழித்து எடுத்த பிரதி.

அளவையும் எழுதிக்கொள்ளுங்கள். தாளின் அளவு தேவையில்லை, தகட்டின் அளவு போதும். பள்ளத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை. பாதி உருவப் படங்களுக்குச் சுமார் 14 அங்குல உயரம், 10 அங்குல அகலம் என்பது வழக்கமான கணக்கு. முழு உருவங்கள் இதைவிட நன்றாகப் பெரியவை.

முந்திய பிரதியா, பிந்திய பிரதியா

இங்கே இரண்டு சொற்களைப் பிரித்துப் புரிந்துகொள்ளவேண்டும். தகட்டில் எதையாவது மாற்றிவிட்டு அச்செடுத்தால் அது புதிய 'நிலை'. பெயர் சேர்ப்பது, முகவரி மாற்றுவது, தேய்ந்த நிழலை மறுபடி பொளிவது எல்லாம் மாற்றம்தான். எழுத்து வெட்டுவதற்கு முன்னால் எடுத்தவை உண்டு; ஊசியால் கீறியது போல மெல்லிய எழுத்தோடு எடுத்தவை உண்டு; அப்புறம் முழு எழுத்தோடு கடைக்குப் போனவை. சேகரிப்பவர்கள் முதல் இரண்டுக்கும் அலைவார்கள். ஆனால் ஒரே நிலையிலேயே பத்தாவது தாளும் நூற்றைம்பதாவது தாளும் ஒன்றாக இராது. எழுத்தில் வித்தியாசம் இருக்காது, இருட்டில் இருக்கும்.

அந்த இருட்டைப் பார்க்கப் பழகுவதுதான் இந்தக் கலையின் உயிர்நாடி என்பது என் அபிப்பிராயம். தாடைக்குக் கீழே உள்ள நிழல், கறுப்புக் கோட்டின் மடிப்பு, பின்னால் இருக்கும் மரத்தின் அடி. நல்ல பிரதியில் அந்தக் கறுப்புக்குள்ளேயே இன்னொரு கறுப்பு தெரியும். கோட்டும் பின்னணியும் இரண்டும் கறுப்பாக இருந்தும் தனித்தனியாகத் தெரியும். தேய்ந்த பிரதியில் எல்லாம் சேர்ந்து ஒரே சாம்பலாகி, தூசி படிந்த கரும்பலகை போல இருக்கும். வெளிச்சமான இடமும் காட்டிக்கொடுக்கும்: கன்னத்தில் படிப்படியாக இறங்கவேண்டிய நிறம் திடீரென்று வெள்ளையாகக் குதிக்கும்.

எழுத்தில்லாத தாளைக் கண்டவுடன் முந்திய பிரதி என்று மகிழ்ந்துவிடாதீர்கள். அந்தக் காலத்தில் சேகரிப்பவர்களே ஓரத்தை ஒட்ட வெட்டி ஏட்டில் ஒட்டினார்கள். எழுத்து அதோடு போய்விட்டிருக்கும். எழுத்தை மறைத்து அச்செடுத்து ஏமாற்றியவர்களும் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் நம்பவேண்டியது இருட்டைத்தான்.

ஓவியத்தோடு ஒப்பிடுங்கள்

தகட்டில் வெட்டியது தாளில் இடவலமாக மாறி விழும். கவனமுள்ள கலைஞர் தகட்டில் இடவலம் மாற்றியே செதுக்கி, அச்சு ஓவியத்தைப் போலவே வரும்படி பார்த்துக்கொள்வார். மலிவான நகல்காரர்கள் அதற்கெல்லாம் மெனக்கெடுவதில்லை. ஓவியம் கையில் இல்லாவிட்டாலும் மாறியிருப்பதைக் கண்டுபிடிக்கலாம். வாள் இடது இடுப்பில் தொங்கவேண்டும். பட்டம் பெற்றவர்களின் நட்சத்திரப் பதக்கம் இடது மார்பில் இருக்கவேண்டும். இவை வலது பக்கம் இருந்தால் பெரும்பாலும் படம் புரண்டிருக்கிறது.

பழகுவதற்கு இரண்டு படங்கள் சொல்கிறேன். நடிகர் டேவிட் காரிக்கை இன்பியல், துன்பியல் என்ற இரு பெண்கள் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும் ஓவியம். ஃபிஷர் அதை 1762 இல் செதுக்கினார். ரெனால்ட்ஸ் அந்த இரு பெண்களையும் வேண்டுமென்றே இரண்டு பாணிகளில் வரைந்தார். துன்பியலின் உருவம் கடினமான விளிம்புகளோடு நிமிர்ந்து நிற்கும். இன்பியலின் உருவம் குழைந்து, சிரித்து, வெளிச்சத்தில் நனைந்திருக்கும். வண்ணத்தின் உதவி இல்லாமல் ஒரே சுரண்டியால் அந்த வித்தியாசத்தை ஃபிஷர் எப்படிக் கொண்டுவந்தார் என்று பாருங்கள்.

இரண்டாவது, வால்ட்கிரேவ் சகோதரிகள் மூவர். ஓவியம் இன்று எடின்பரோவில் இருக்கிறது. வேலன்டைன் கிரீன் 1781 இல் அதைச் செதுக்கினார். மூவரும் வெள்ளை மஸ்லினில், ஒரு சின்ன மேசையைச் சுற்றி. ஒருத்தி கையில் பட்டு நூல், இன்னொருத்தி அதைச் சுற்றுகிறாள், மூன்றாமவள் பின்னல் சட்டத்தில் குனிந்திருக்கிறாள். வெள்ளை உடை என்றால் தகட்டில் அவ்வளவு பரப்பையும் சீவியாகவேண்டும். கொஞ்சம் அதிகமாகச் சீவினால் மடிப்பு மறைந்து சுண்ணாம்புச் சுவர் போலாகிவிடும். கிரீன் அந்த மஸ்லினின் மெல்லிய மடிப்புகளைத் தொலைக்கவில்லை. நான் இந்த அச்சைப் பார்க்கும்போதெல்லாம் அந்த நூலில்தான் முதலில் கண் போகும்.

எங்கே தேடுவது

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தின் இணையத் தொகுப்பில் செதுக்கியவர் பெயரைப் போட்டுத் தேடுங்கள். பல தகடுகளுக்கு வெவ்வேறு நிலைகள் தனித்தனியாகப் பதிவாகியிருக்கின்றன. அடியில் உள்ள எழுத்தையும் அப்படியே தந்திருப்பார்கள். படத்தில் இருப்பவர் யார் என்பதிலிருந்து தொடங்கவேண்டுமானால் நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரியின் தொகுப்பு வசதி. யேல் பல்கலைக்கழகத்தின் பிரிட்டிஷ் கலை மையத்தில் பல படங்களைப் பெரிய அளவில் இலவசமாகவே பதிவிறக்கலாம். தகட்டுக்கு எத்தனை நிலைகள் என்று உறுதிப்படுத்த, ஜான் சாலனர் ஸ்மித் 1878-83 இல் நான்கு தொகுதிகளாக வெளியிட்ட பிரிட்டிஷ் மெஸோடின்ட் உருவப்படப் பட்டியலைப் பாருங்கள். வயது நூற்றைம்பதை நெருங்குகிறது. விற்பவர்களும் அருங்காட்சியகங்களும் இன்னும் அதன் எண்களைத்தான் சொல்கிறார்கள்.

லண்டன் போக வாய்ப்பிருந்தால் பிரிட்டிஷ் மியூசியத்தின் அச்சு, ஓவியப் படிப்பறையில் முன்கூட்டியே நேரம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆராய்ச்சியாளராக இருக்கவேண்டியதில்லை. ஒரே படத்தின் இரண்டு பிரதிகள் அங்கே இருந்தால் இரண்டையும் கேளுங்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு மணி நேரம் பார்த்தால் தேய்மானம் என்றால் என்ன என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். அதை எவ்வளவு எழுதினாலும் புரியவைக்க முடியாது.

வாங்க ஆசைப்பட்டால், சாமுவேல் வில்லியம் ரெனால்ட்ஸ் 1820களில் செய்த சின்ன மெஸோடின்ட்களிலிருந்து தொடங்குங்கள். பெயர் ஒன்றாக இருக்கிறதே தவிர, ஓவியருக்கு உறவில்லை. சர் ஜோஷுவாவின் ஓவியங்களில் முந்நூறுக்கும் மேற்பட்டவற்றைச் சிறிய அளவில் செதுக்கினார். பெரிய அச்சுகளின் விலை வராது, கைக்குள் அடங்கும், ராக்கர் தடம் என்றால் என்ன என்று பழகவும் போதும்.

வாங்கியதை அமிலமில்லாத அட்டையில் வைத்து, வெயில் நேராக விழாத சுவரில் மாட்டுங்கள். நம் ஊர் ஈரத்துக்குச் சட்டத்தின் கண்ணாடி தாளைத் தொடவே கூடாது. நடுவில் அட்டை இடைவெளி விடச் சொல்லுங்கள், இல்லையென்றால் பூஞ்சைப் புள்ளி வரும். பசையோ செலோடேப்போ பக்கத்தில் வரக்கூடாது. பின்பக்கம் பழைய சொந்தக்காரர் யாராவது பென்சிலில் எழுதியிருந்தால் அழிக்காதீர்கள். உங்கள் நோட்டில் ஓவியர், செதுக்கியவர், வெளியிட்டவரின் முகவரி, தேதி, தகட்டின் அளவு, நீரெழுத்து, தாடை நிழல் எப்படி இருக்கிறது என்பது எல்லாவற்றையும் வாங்கிய அன்றே எழுதிவிடுங்கள். சட்டத்துக்குள் போன பிறகு நீரெழுத்தை மறுபடி பார்க்க வருடங்கள் ஆகிவிடும்.